ஒரே பாட்டு, இரண்டு விலை: அரிய சோல் 45களை அடையாளம் காண்பது

கேள்வியின் சாரம் இது: "1960களின் சோல் (அமெரிக்கக் கறுப்பர் இசை) சிங்கிள்களை, அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் '45' தட்டுகளை, சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரே பாடகர், ஒரே பாட்டு, ஒரே வருடம். ஓரிடத்தில் ஹோட்டல் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கிறது, இன்னோரிடத்தில் கார் விலை சொல்கிறார்கள். எது அசல்? எதைப் பார்த்து வாங்குவது?"

இந்தச் சந்தையில் பாட்டுக்கு விலை கிடையாது. அந்தப் பாட்டு எந்தத் தட்டில், எந்த ஊரில், எந்த லேபிளுக்காக (வெளியிட்ட நிறுவனத்தின் வணிகப் பெயர்) அச்சானது என்பதற்குத்தான் விலை. இது பிடிபட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

டாரல் பேங்க்ஸ் பாடிய 'ஓபன் தி டோர் டு யுவர் ஹார்ட்' நல்ல உதாரணம். 1966இல் டெட்ராய்ட்டின் ரெவிலாட் லேபிளில் வந்தது. அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது. வெற்றிப் பாட்டு என்பதால் பிரதிகள் ஏராளம். இன்றும் ரெவிலாட் அசல் சல்லிசாகவே கிடைக்கும். அதே பாட்டை பிரிட்டனில் லண்டன் லேபிள் வெளியிடத் தயாரானது. உரிமை இஎம்ஐயின் ஸ்டேட்சைட் லேபிளுக்குப் போய்விட்டதால் லண்டன் தட்டைத் திரும்பப் பெற்றார்கள். வானொலிக்கும் விளம்பரத்துக்கும் முன்கூட்டி அடிக்கும் டெமோ பிரதிகள் சில மட்டுமே தப்பின என்றுதான் நினைத்திருந்தார்கள். விற்பனைக்கென அச்சான லண்டன் பிரதி ஒன்று ஏலத்துக்கு வந்தபோது பத்தாயிரம் பவுண்டைத் தாண்டிப் போனது. பாட்டில் ஒரு சுரம்கூட வித்தியாசம் இல்லை. ஸ்டேட்சைட் பிரதியின் விலை இவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

எல்லோரும் சொல்லும் இன்னொரு தட்டு ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ'. 1965இல் மோடவுன் நிறுவனத்தின் துணை லேபிளான 'சோல்' 35019 என்ற எண்ணில் டெமோ அச்சடித்தது. சுமார் 250 பிரதிகள் அடித்து, வெளியீட்டைக் கைவிட்டு, ஏறக்குறைய எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். தப்பியவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விற்றது. 2020இல் ஒரு பிரதிக்கு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். ஆகவே 'சோல்' லேபிள் ஒட்டிய வில்சன் தட்டு 40 டாலருக்குக் கண்ணில் பட்டால் யோசிக்க எதுவும் இல்லை, அது போலி. பாட்டு மட்டும் போதும் என்பவருக்கு 1979இல் பிரிட்டிஷ் டாம்லா மோடவுன் முறைப்படி வெளியிட்ட டிஎம்ஜி 1170 இருக்கிறது. அதுவும் பழைய தட்டுதான், சட்டப்படி வந்தது, ஒலியும் நன்றாக இருக்கும்.

இந்தப் பைத்தியக்கார விலைகளுக்குக் காரணம் அமெரிக்கா இல்லை, வட இங்கிலாந்து. மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் பக்கத்து டன்ஸ்டாலின் கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, 1973 செப்டம்பர் முதல் 1981 டிசம்பர் வரை நடந்த விகன் கேசினோ ஆகிய நடனக்கூடங்களில் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் விடிய விடிய ஆடியது அமெரிக்காவில் விலை போகாத சோல் பாட்டுகளுக்கு. 'நார்தர்ன் சோல்' என்று பெயர் வைத்தவர் டேவ் கோடின். அவருடைய லண்டன் இசைத்தட்டுக் கடைக்குக் கால்பந்துப் போட்டி பார்க்க வந்த வடக்கத்தி இளைஞர்கள் புது ஃபங்க் பாட்டுகளைச் சீண்டவில்லை, பழைய மோடவுன் பாணி வேகப்பாட்டையே கேட்டார்கள். கடைப்பையன்களுக்கு அடையாளம் சொல்ல வைத்த பெயர் ஊருக்கே நிலைத்துவிட்டது. இசை பிறந்தது டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும்.

வட இங்கிலாந்து நடனக்கூடங்களில் டிஜேக்களுக்குள் போட்டி. யாரிடமும் இல்லாத தட்டு தன்னிடம் இருக்க வேண்டும். கிடைத்ததும் லேபிள்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் பொய்ப் பாடகர் பெயரும் பொய்த் தலைப்பும் எழுதிவிடுவார்கள். இதற்கு 'கவர்-அப்' என்று பெயர். வில்சன் பாட்டே முதலில் எடி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் சுற்றியது. ரகசியம் உடைந்த மறுவாரமே போலி அச்சு சந்தைக்கு வந்துவிடும். 1970களின் போலிகள் இத்தனை ஏராளமாக இருப்பதற்கு இந்தப் பசிதான் காரணம். அவற்றுக்கும் இப்போது ஐம்பது வயது. உறை பழுத்து, லேபிள் மங்கி, பார்க்க அசல் போலவே இருக்கும். பழசாகத் தெரிகிறது என்பது அசலுக்குச் சான்று ஆகாது.

இனி தட்டைக் கையில் எடுப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது லேபிள் இல்லை. பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் பள்ளம் இல்லாத பளபளப்பான வளையம் ஒன்று இருக்கும். சேகரிப்பாளர்கள் அதை 'டெட் வாக்ஸ்' என்பார்கள். தட்டின் பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைத் தட்டுக்குப் பக்கவாட்டில், ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் பிடியுங்கள். மெதுவாகச் சுற்றினால் எழுத்துகள் நிழலோடு எழுந்து வரும். இரண்டு பக்கத்தையும் படியுங்கள். எந்த எழுத்து கையால் கீறியது, எது இயந்திரத்தால் குத்தியது என்பதைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைவிட இந்த வேறுபாடு முக்கியம். அசலில் குத்திய முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கையால் கீறிய எண் இருந்தால், யாரோ பின்னாளில் புது மாஸ்டர் (அச்சுக்கு மூலமான தட்டு) வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தொழிற்சாலை முத்திரைகள் சிலவற்றை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அச்சான தட்டில் ஒரு சின்ன முக்கோணமும் அதையடுத்து ஓர் எண்ணும் இருக்கும், மறுபக்கத்தில் அதே எண்ணோடு 'எக்ஸ்' சேரும். வட்டத்துக்குள் 'எம்ஆர்' என்ற முத்திரையும் அந்த ஆலையுடையதே. முக்கோண எண் வேலை வரிசைப்படி ஏறிக்கொண்டே போனதால், தேதி தெரிந்த தட்டுகளோடு ஒப்பிட்டு மாதக் கணக்கில்கூட வயது சொல்லலாம். 1965 தட்டு என்று விற்பதில் 1970களுக்குரிய எண் இருந்தால் அது மறுஅச்சு. மிச்சிகன் மாநிலத்து ஓவாஸ்ஸோவில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்டு பிரஸ்ஸிங் ஆலை, மோடவுனுக்கும் டெட்ராய்ட்டின் சின்ன லேபிள்களுக்கும் அடித்துக் கொடுத்தது. 'ஏஆர்பி' என்ற மூன்று எழுத்தும் பின்னிக்கொண்டு கையெழுத்துப் போல இருக்கும் முத்திரை அவர்களுடையது. 1972இல் அந்த ஆலை எரிந்துபோனது.

ஆர்சிஏ நிறுவனம் சின்ன லேபிள்களுக்குக் கூலிக்கு அடித்த தட்டுகளில் நான்கு குறிகள் கொண்ட முன்னொட்டு வரும். அதன் முதல் எழுத்து ஆண்டைச் சொல்லும். ஆர் என்றால் 1964, எஸ் 1965, டி 1966, யு 1967, 'வி'யைத் தாண்டி டபிள்யூ 1968. லேபிளில் வருடமே போடாத ஊர்ப்பேர் தெரியாத தட்டுக்கு இந்த ஒரே எழுத்துதான் வயதுச் சான்று. சின்சினாட்டியின் ரைட் ஆலை, தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து கல்லூரி இசைக்குழு வரை யார் பணம் கொடுத்தாலும் அடித்துக் கொடுத்தது. 'சிபி' என்று தொடங்கும் வாடிக்கையாளர் எண் கண்ணில் பட்டால், பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அடித்த தட்டைப் பார்க்கிறீர்கள் என்று கொள்ளலாம். 'பெல் சவுண்ட்' நியூயார்க்கில் மாஸ்டர் வெட்டிய ஸ்டுடியோவின் முத்திரை. 'நாஷ்வில் மேட்ரிக்ஸ்' தென்மாநிலத் தட்டுகளில் வரும்.

இந்த முத்திரைகள் மட்டும் போதுமா என்றால் போதாது. எண்ணை யார் வேண்டுமானாலும் பார்த்துக் கீறலாம். பழைய உலோக அச்சைக் கைப்பற்றி, பத்து வருடம் கழித்து அடித்தவர்களும் உண்டு. அப்போது டெட் வாக்ஸ் அசலோடு அப்படியே பொருந்தும், லேபிள் தாளும் பிளாஸ்டிக்கும்தான் காட்டிக்கொடுக்கும். எனவே அந்த வளையத்தின் அகலத்தையும் பாருங்கள். போலிக்காரர் புதிதாக வெட்டும்போது பள்ளங்களின் நெருக்கம் மாறும், பாட்டு முடியும் இடம் மாறும். அசல் தட்டின் தெளிவான படத்தில் வளையம் 12 மில்லிமீட்டர் என்றால், உங்கள் கையில் இருப்பதில் 18 இருக்கக் கூடாது. எழுத்தைத் திருட முடிந்தவனுக்கும் இந்த அகலம் தப்பிவிடும்.

அடுத்தது பிளாஸ்டிக். அமெரிக்க 45களில் இரண்டு சாதி உண்டு: வினைல், ஸ்டைரீன். வினைல் சூடான கட்டியை அச்சுக்கு நடுவில் வைத்து அழுத்திச் செய்வது. லேபிள் அந்த அழுத்தத்திலேயே தட்டோடு பதிந்துவிடும். ஸ்டைரீனை உருக்கி அச்சுக்குள் பீய்ச்சுவார்கள், லேபிளைப் பிறகு பசை வைத்து ஒட்டுவார்கள். மோனார்க் சிங்கிள்களும் கொலம்பியா ஆலைகளின் சிங்கிள்களும் பெரும்பாலும் ஸ்டைரீன். விரல் நகத்தால் விளிம்பில் தட்டிப் பாருங்கள். வினைல் 'தொப்' என்று மந்தமாகச் சொல்லும், ஸ்டைரீன் டப்பா மூடி போல 'டிக்' என்று கூர்மையாகச் சொல்லும். வினைலின் விளிம்பு மெலிந்து முடியும், சற்று வளையும். ஸ்டைரீன் விளிம்பு மொட்டையாக இருக்கும், வளைத்தால் உடையும். வளைத்துப் பார்க்க வேண்டாம்.

இது எதற்கு? அசல் ஸ்டைரீனில் மட்டுமே வந்தது என்று தெரிந்த தட்டு வினைலில் கையில் வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அவசரப்படவும் கூடாது. ஒரே தட்டை மேற்கே மோனார்க்கில் ஸ்டைரீனிலும், கிழக்கே வேறோர் ஆலையில் வினைலிலும் ஒரே வாரத்தில் அடித்த லேபிள்கள் நிறைய. 1970களில் ஸ்டைரீனிலேயே போலி அடித்தவர்களும் இருந்தார்கள். ஆகவே பிளாஸ்டிக், டெட் வாக்ஸ், லேபிள் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று முரண்பட்டால் விளக்கம் தேடுங்கள். இரண்டு முரண்பட்டால் வாங்காதீர்கள்.

ஸ்டைரீனுக்கு இன்னொரு குணம் உண்டு, பணத்தைத் தின்னும் குணம். தேய்ந்த முள் ஓடிய ஸ்டைரீன் தட்டு கண்ணுக்குக் கண்ணாடி போலப் பளபளக்கும், காதில் வைத்தால் எண்ணெய்ச் சட்டி மாதிரி இரையும். பள்ளத்தின் சுவர் நொறுங்கியிருக்கும், மேற்பரப்பில் கீறலே இருக்காது. வானொலி நிலையப் பிரதிகளில் பாட்டின் தொடக்கத்தில் மட்டும் இரைச்சல் இருக்கும். டிஜே பாட்டைத் தயார்ப்படுத்தத் தட்டை முன்னும் பின்னும் அசைத்த தழும்பு அது, 'கியூ பர்ன்' என்பார்கள். வினைலில் இது இலேசாக விழும், ஸ்டைரீனில் முதல் நான்கைந்து நொடியைக் கொன்றுவிடும். கண்ணால் தரம் பிரித்த ஸ்டைரீன் தட்டை ஒலி கேட்காமல் வாங்காதீர்கள்.

லேபிளுக்கு வருவோம். 10 மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று வாங்கிவிடுங்கள், அரிய தட்டு ஒன்றின் தபால் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 1960களின் லேபிள் பெரும்பாலும் எழுத்துக் கோத்து அடித்தது. மை ஒரே கட்டியாக, ஓரம் கூர்மையாக நிற்கும். அசலைப் படம் எடுத்து அடித்த போலியில் சின்ன எழுத்துகளின் வயிறு அடைத்திருக்கும். ஆங்கில 'ஏ', 'ஈ' போன்ற எழுத்துகளின் உள்துளை மூடியிருக்கும், பதிப்பாளர் பெயர் வரும் வரி கொழகொழப்பாக இருக்கும். 2000த்துக்குப் பிறகு வந்த போலிகளில் ஒரே நிறமாகத் தெரியும் இடம்கூடக் கண்ணாடியில் நான்கு நிறப் புள்ளிகளாக உடையும். நிறத்தைத் திரையில் நம்பாதீர்கள், கேமராவுக்குக் கேமரா ஊதா சிவப்பாகும். எழுத்துருவும் வரிகளின் இடைவெளியும் மாறாது, அவற்றை ஒப்பிடுங்கள்.

போலியின் ஒலியும் தனி. மாஸ்டர் டேப் இல்லாததால் வேறொரு தட்டை ஓடவிட்டு அதிலிருந்து வெட்டியிருப்பார்கள். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அமைதியில் கவனியுங்கள். உங்கள் தட்டின் சொந்தப் பள்ளச் சத்தத்துக்கு அடியில், இன்னொரு தட்டின் பொரிச்சத்தம் திடீரென்று எழும். பாட்டு முடிந்ததும் அது திடீரென்று நிற்கும். சிம்பல் சத்தம் கம்பளிக்குள் இருந்து வருவது போல மங்கியிருக்கும்.

டெமோவா, விற்பனைப் பிரதியா என்பதில் ஒரே விதி கிடையாது. பிரிட்டிஷ் லேபிள்களில் பெரிய 'ஏ' எழுத்து போட்ட டெமோவுக்கு வழக்கமாக விலை கூடுதல். அமெரிக்காவில் தோற்றுப்போன தட்டுகளுக்குக் கணக்கு பல சமயம் தலைகீழ். வானொலிக்கு அனுப்பிய வெள்ளை லேபிள் டெமோக்கள் தப்பியிருக்கும். பாட்டு ஓடாததால் விற்பனைப் பிரதியைக் கொஞ்சமாக அடித்ததோடு நிறுத்தியிருப்பார்கள், அதுதான் அரிது. இரண்டு பக்கமும் ஒரே பாட்டு உள்ள டெமோக்களைக் கவனியுங்கள், மறுபக்கப் பாட்டுக்காகத் தேடுகிறவருக்கு அது பயன்படாது. மறுபக்கம் என்றதும் ஒன்று: காரைத் தரையோடு தாழ்த்தி ஓட்டும் கலிஃபோர்னியாவின் லோரைடர் கூட்டம் மெதுவான காதல் பாட்டுகளையே தேடும். இங்கிலாந்துக்காரன் கண்டுகொள்ளாத ஒரு தட்டு அங்கே கொள்ளை விலைக்குப் போகிறதென்றால், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

அசிட்டேட் பற்றிச் சுருக்கமாக. அலுமினியத் தகட்டில் அரக்குப் பூசி ஒற்றைப் பிரதியாக வெட்டியவை, ஒவ்வொரு முறை முள் வைக்கும்போதும் தேயும். புதிதாகச் சேர்ப்பவர் விலகி நிற்கலாம். இந்நாளில் ஒற்றைப் பிரதியாக வெட்டித் தரும் 'கார்வர்' தட்டுகளும் சேகரிப்புப் பொருள் ஆகா.

தரக்குறியீட்டில்தான் அதிக மனக்கசப்பு வரும். அமெரிக்கர்கள் கோல்டுமைன் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள்: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், அதற்குக் கீழே குட். பிரிட்டிஷ் வியாபாரிகள் மின்ட், எக்ஸலன்ட், வெரி குட் என்று போவார்கள். 'வெரி குட்' என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். கோல்டுமைன் கணக்கில் அது இரைச்சல் தெளிவாகக் கேட்கும் தட்டு, விலையும் நியர் மின்ட்டில் கால்வாசிதான். வெரி குட் பிளஸ் என்றால் பாதி. இந்த விகிதம் சாதாரணத் தட்டுக்குப் பொருந்தும். உலகில் பத்துப் பிரதி மட்டும் இருக்கிற தட்டுக்கு யாரும் கால் விலை பேசமாட்டார்கள்.

விளம்பரங்களில் வரும் சுருக்கச் சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். 'டபிள்யூஓஎல்' என்றால் லேபிளில் எழுத்து. ஏதோ வானொலிக்காரர் பேனாவால் தேதி போட்டிருப்பார், ஒலிக்குச் சேதம் இல்லை, விலை குறையும். 'டிரில் ஹோல்' என்றால் விற்காத சரக்கென்று லேபிளில் துளை போட்டது. 'டிங்க்ட்' என்றால் பிரிட்டிஷ் தட்டின் சின்னத் துளையை ஜூக்பாக்ஸுக்காக வெட்டி அகலமாக்கியது, இது பெரிய விலைக்குறைப்பு. 'எட்ஜ் வார்ப்' விளிம்பு நெளிவு. 'நாட் அஃபெக்டிங் பிளே' என்று யார் எழுதினாலும் எந்த முள்ளில், எத்தனை கிராம் அழுத்தத்தில் என்று கேளுங்கள். டிஜே முள் 4 கிராமில் தாண்டிவிடும் நெளிவை உங்கள் வீட்டு முள் 1.75 கிராமில் தாண்டாது.

தொலைவிலிருந்து வாங்கும்போது மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: இரண்டு லேபிளின் நேர்ப்படம், இரண்டு டெட் வாக்ஸின் படம், வெட்டாத ஒலிப்பதிவு. ஒலிப்பதிவு முள் இறங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும், முதல் 30 நொடியும் கடைசி 20 நொடியும் இருக்க வேண்டும். உள்வளையத்தில்தான் தேய்மானம் அதிகம் தெரியும். சீரான இடைவெளியில் 'டக், டக்' என்று வந்தால் கடிகாரத்தை எடுங்கள். 45 வேகத்தில் ஒரு சுற்று 1.33 நொடி. அந்த இடைவெளியில் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் குறுக்குக் கீறல் அல்லது விரிசல். விரிசல் என்றால் விளிம்பிலிருந்து தொடங்கும், நாளடைவில் நீளும். தூசி இப்படிச் சீராக ஒலிக்காது. படங்களை 45கேட், டிஸ்காக்ஸ் தளங்களில் உள்ள லேபிள் படங்களோடு ஒப்பிடுங்கள். விலைக்கு விற்பனையாளர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, உண்மையில் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள். பாப்சைக் தளத்தில் பழைய ஏல முடிவுகள் கிடைக்கும். டிஸ்காக்ஸ் பக்கத்தில் 'போலி' என்று குறித்த பதிவு தனியாக இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் எதை ஒப்பிட வேண்டும் என்று அங்கேயே எழுதியிருப்பார்கள்.

கட்டி அனுப்பும் முறையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தட்டைப் பழைய நிறுவன உறையிலிருந்து வெளியே எடுத்துத் தனி உறையில் போட வேண்டும், இல்லாவிட்டால் வழியில் குலுங்கி உறையின் மடிப்பைக் கிழிக்கும். இருபுறமும் நெளி அட்டை, ஒன்றின் நெளிவு கிடையாக, மற்றொன்றின் நெளிவு நெடுக்காக. அப்போதுதான் எந்தப் பக்கம் வளைத்தாலும் தாங்கும். ஸ்டைரீனுக்கு இது கட்டாயம்.

வீட்டுக்கு வந்த பிறகு. நம் ஊர்ப் பழைய திரைப்பாட்டு இபி தட்டுகளுக்கு நடுத்துளை சின்னது, அதனால் பலருடைய பிளேயரில் அடாப்டரே இருக்காது. அமெரிக்க 45இன் துளை 38 மில்லிமீட்டர், நடுவில் கனமான உலோக அடாப்டர் வையுங்கள். இலேசான பிளாஸ்டிக் அடாப்டர் ஆடினால் சுருதி அலையும். அடாப்டர் சரியாக இருந்தும் அலைந்தால் துளையே மையம் தப்பி விழுந்திருக்கிறது, அந்தக் காலத்தில் இது சர்வசாதாரணம். 1960களின் சோல் 45 பெரும்பாலும் மோனோ. உருண்டை முனை முள், மோனோ சுவிட்ச் இரண்டும் இருந்தால் மேலும் கீழுமாக வரும் பொரிச்சத்தம் பாதி அடங்கிவிடும். முள் அழுத்தத்தை உற்பத்தியாளர் சொன்ன வரம்பின் மேல் பாதியில் வையுங்கள். குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான நம்பிக்கை. பிடிமானம் இல்லாத முள் பள்ளத்தில் குதித்துச் சுவரைக் கொத்தும்.

கழுவுவதில் சாதி பார்க்க வேண்டும். வினைலுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீர், 150 மில்லி ஐசோபுரொபைல் ஆல்கஹால், மணமில்லாத பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு. மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்ற வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் இரண்டு முறை அலச வேண்டும். அலசாமல் விட்டால் சோப்புப் படிந்து புது இரைச்சல் வரும். ஸ்டைரீனுக்கும் அசிட்டேட்டுக்கும் ஆல்கஹால் வேண்டவே வேண்டாம். ஸ்டைரீனுக்கு நீரும் ஒரு சொட்டுச் சோப்பும் போதும். அதுவும் லேபிளில் படக் கூடாது, பசை விட்டு லேபிள் சுருண்டுவிடும். குழாய்த் தண்ணீரை எதற்கும் பயன்படுத்தாதீர்கள், உப்பு பள்ளத்தில் படியும்.

செங்குத்தாக அடுக்குங்கள், சாயவிடாதீர்கள். உள்ளே பாலிதீன் பூச்சுள்ள தாள் உறை. மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் எண்ணெய் வினைலில் புகைபோலப் படிந்து அழியாமல் நிற்கும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் தாள் உறை பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா பொட்டலங்களைப் பெட்டியில் போட்டு மாதமொரு முறை மாற்றுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காரில் கால் மணி நேரம் வைத்தாலே வினைல் நெளிந்துவிடும்.

எங்கே தொடங்குவது? அரிய தட்டு வாங்குவதற்கு முன், அரிய தட்டு வெளியிட்ட அதே லேபிள்களின் வெற்றித் தட்டுகளை வாங்குங்கள். ரிக்-டிக் லேபிளில் எட்வின் ஸ்டாரின் 'ஏஜென்ட் டபுள்-ஓ-சோல்', மிர்வுட்டில் ஜாக்கி லீயின் 'தி டக்', ஓகே லேபிளில் மேஜர் லான்ஸின் ஏதாவதொரு வெற்றிப் பாட்டு, ரெவிலாட்டில் மேலே சொன்ன டாரல் பேங்க்ஸ். எல்லாமே அந்தக் காலத்தில் குவியலாக விற்றவை, இன்றும் கைக்கு அடங்கும் விலை. விற்பனையாளரிடம் ஒரே நிபந்தனை, அசல் முதல் அச்சாக இருக்க வேண்டும். கீறல் இருந்தால் பரவாயில்லை.

அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு டெட் வாக்ஸைப் படியுங்கள், விளிம்பைத் தட்டிக் கேளுங்கள், வளையத்தின் அகலத்தை அளவுகோல் வைத்து அளந்து குறியுங்கள், கண்ணாடியில் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். பிறகு தெரிந்தே ஒரு 1970களின் போலியும் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வையுங்கள், அதுவும் பாடப்புத்தகம்தான். ரிக்-டிக்கின் நூறு டாலர்த் தட்டோ ஆயிரம் டாலர்த் தட்டோ உங்கள் முன் வரும்போது, லேபிளின் தாளும் மையும் எழுத்துருவும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கும்.

பாட்டை ஆசைதீரக் கேட்க மட்டும் வேண்டுமென்றால் இத்தனை பாடும் தேவையில்லை. பை நிறுவனம் 1974இல் தொடங்கிய டிஸ்கோ டிமாண்ட் வரிசை, 1970களின் பின்பாதியில் வந்த கிரேப்வைன், 1982 முதல் ஏஸ் நிறுவனத்தின் கென்ட் லேபிள் என உரிமை வாங்கி மறுபதிப்பு போட்டவர்கள் இருக்கிறார்கள். கென்ட் பல பாட்டுகளை மாஸ்டர் டேப்பைத் தேடிப் பிடித்தே வெளியிட்டது. தேய்ந்த ஸ்டைரீன் அசலைவிட அவை தெளிவாக ஒலிக்கும். 'அசல் தட்டு மட்டும்' என்று பலகை வைத்திருக்கும் நடன இரவில் டிஜேயாக நிற்கப் போகிறவர் மட்டும் இவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.